வீட்டுக்கு வீடு வாசற்படி: யூனிக்ஸ் குடும்பத்தில் நினைவக இணைப்பு

"வீட்டுக்கு வீடு வாசற்படி" என்பது நம் பெரியோர் வழங்கும் பழமொழி. எந்த வீட்டிற்குச் சென்றாலும் வாசலில் ஒரு படி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படியின் உயரம் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. தம் வீட்டுப் பழக்கத்திலேயே காலை எடுத்து வைப்பவர் அயல் வீட்டு வாசலில் இடறி விழுவதுண்டு. கணிப்பொறி உலகிலும் இத்தகைய வீடுகள் உள்ளன. இத்தகைய வாசற்படிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றினை இக்கட்டுரையில் காண்போம். கணிப்பொறி பயிலும் மாணவியருக்கு இது ஒரு பாடம். பயிலாத தங்கையரும் பெற்றோரும் நாம் எழுதும் விவரங்கள் எவ்வாறு காக்கப்படுகின்றன, எவ்வாறு தொலைகின்றன என்பதை இதனால் அறியலாம்.

ஒரு குடும்பத்தின் கதை

1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினர். கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு, நிரல்களுக்கு வேண்டியதைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளரே இயக்க முறைமை எனலாம். யூனிக்ஸிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கிளைக்கு பி.எஸ்.டி. என்று பெயர். ஃப்ரீ பி.எஸ்.டி., நெட் பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. ஆகியவை அதன் வாரிசுகள். சன் நிறுவனத்தின் சன் ஓ.எஸ்., சோலாரிஸ் ஆகியவை மற்றொரு வரிசை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், யூனிக்ஸின் வரிகளை எடுத்துக்கொள்ளாமல் அதன் வழக்கங்களை மட்டும் பின்பற்றிப் புதிதாக எழுதப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓ.எஸ். இக்குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர். நம் கைகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளமும் லினக்ஸே என்பது பலர் அறியாத செய்தி.

இவ்வுறுப்பினர் அனைவரும் பொதுவாகக் கைக்கொள்ள வேண்டிய விதிகளைத் தொகுத்து எழுதிய ஒப்பந்தத்திற்கு பாசிக்ஸ் என்று பெயர். குடும்பம் ஒன்று, ஒப்பந்தமும் ஒன்று. ஆயினும் ஒவ்வொரு வீட்டிற்கும் தனி வழக்கம் உண்டு. எது ஒப்பந்தம், எது வீட்டு வழக்கம் என்று பிரித்தறிவதே இப்பாடத்தின் சாரம்.

நினைவக இணைப்பு என்றால் என்ன?

வட்டில் உள்ள ஒரு கோப்பினைப் படிக்க இரண்டு வழிகள் உள்ளன. நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்திலிருந்து வேண்டிய பகுதியை நம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்து படிப்பது ஒரு வழி. இது சாதாரணமாகக் கோப்பைப் படிக்கும் முறை. புத்தகத்தையே மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கத்தைப் புரட்டிப் படிப்பது மற்றொரு வழி. இதுவே நினைவக இணைப்பு. கோப்பின் பக்கங்கள் நிரலின் நினைவக முகவரிகளோடு இணைக்கப்படுகின்றன. அதன் பின்னர் நிரல் அக்கோப்பைத் தன் சொந்த நினைவகம்போலவே கையாளலாம்.

இணைப்புக் கேட்டவுடனே கோப்பு முழுவதும் நினைவகத்திற்கு வந்துவிடுவதில்லை. நிரல் ஒரு பக்கத்தை முதன்முதலில் தொடும்போதுதான், இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னல் அப்பக்கத்தை வட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. பந்தியில் ஆள் அமர்ந்த பின்னர் இலை போடுவது போன்றது இது. பெரிய கோப்பில் சில பக்கங்களே தேவைப்படும்போது இதனால் நேரமும் இடமும் மிச்சமாகின்றன.

இந்த இணைப்பைச் செய்துதரும் கட்டளையின் பெயர் எம்மேப். 1983இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. அமைப்பில் இது ஏட்டளவில் விவரிக்கப்பட்டிருந்தது, செயலில் வரவில்லை. 1988இல் வெளியான சன் ஓ.எஸ். 4.0 இதனைச் செயல்படுத்திக் காட்டியது. 1993இல் பாசிக்ஸ் ஒப்பந்தத்தில் இது இடம்பெற்றது.

எம்மேப் கட்டளைக்கு நாம் ஆறு விவரங்களைத் தருகிறோம். எந்த முகவரியில் வேண்டும், எவ்வளவு நீளம், படிக்கவா எழுதவா இயக்கவா என்னும் அனுமதி, விருப்பச் சொற்கள், எந்தக் கோப்பு, கோப்பின் எந்த இடத்திலிருந்து என்பவையே அவை. இவற்றுள் நான்காவதாகிய விருப்பச் சொற்களில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு மிகுதி.

பொதுவா, தனியா?

முதலில் ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு சொற்களைக் காண்போம். ஒன்று மேப் ஷேர்டு; பொதுவான இணைப்பு. மற்றொன்று மேப் பிரைவேட், தனி இணைப்பு. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

பொதுவான இணைப்பு என்பது வகுப்பின் வருகைப் பதிவேட்டிலேயே எழுதுவது போன்றது. நாம் எழுதியது கோப்பில் ஏறுகிறது. அதே கோப்பைப் பொதுவாக இணைத்துள்ள மற்ற நிரல்களுக்கும் தெரிகிறது. தனி இணைப்பில் அவ்வாறன்று. படிக்கும் வரையில் அனைவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறோம். நாம் ஓர் எழுத்தை மாற்றியவுடன் கெர்னல் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து நம்மிடம் தருகிறது. மாற்றம் அந்த நகலில் மட்டுமே இருக்கும். மூலக் கோப்பைச் சென்று அடையாது. நிரல் முடிந்ததும் நகலும் மறைந்துவிடும்.

இதில் அடங்கியுள்ள பொறுப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியல் கோப்பைத் தனி இணைப்பாக இணைத்துவிட்டு, நாள் முழுவதும் மதிப்பெண்களை எழுதினால் என்னவாகும்? திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். கூட்டுத்தொகையும் சரியாக வரும். மறுநாள் கோப்பைத் திறந்தால் ஒரு மதிப்பெண்ணும் இராது. பிழைச் செய்தி ஒன்றும் வந்திராது. கணிப்பொறி தவறு செய்யவில்லை, கேட்டதைத்தான் செய்தது.

பொதுவான இணைப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. எழுதியது உடனே வட்டிற்குச் சென்றுவிடுவதில்லை. கெர்னல் தனக்கு ஏற்ற நேரத்தில் அனுப்புகிறது. அதற்குள் மின்சாரம் போய்விட்டால் இழப்பு நமக்கே. ஆகவே முக்கியமான விவரத்தை எழுதியபின் எம்சிங்க் என்னும் கட்டளையை, எழுதி முடியும் வரை காத்திருக்கும் விதத்தில் வழங்க வேண்டும். காத்திராமல் சொல்லிவிட்டுப் போகும் விதமும் ஒன்று உண்டு. ஆனால் லினக்ஸ் 2.6.19 பதிப்பு முதல் அவ்விதமாகச் சொல்வதால் தனியாக எதுவும் நிகழ்வதில்லை. ஃப்ரீ பி.எஸ்.டி. வீட்டில் மேப் நோ சிங்க் என்று ஒரு சொல் உண்டு. 'அவசியம் நேர்ந்தால் அன்றி இதை வட்டிற்கு அனுப்பாதே' என்பது அதன் பொருள். தற்காலிகமான விவரங்களுக்கு அது வேகம் தரும். மதிப்பெண் பட்டியலுக்கு அது ஆகாது.

பக்கக் கணக்கு

இனி ஒரு சிறு கணக்கு. கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகவே கொடுக்கும்; அரைப்பக்கம் கிடையாது. வழக்கமான இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் தன் சொந்தச் சில்லுகளோடு வெளியிட்டு வரும் மேக் கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 16,384 பைட்.

ஒரு பள்ளியில் 250 மாணவியர். ஒருவருக்கு 20 பைட் வீதம் மதிப்பெண் கோப்பு 5,000 பைட் என்று கொள்வோம். பின்னர் மாணவியர் சேரலாம் என்று எண்ணி, நிரலை எழுதியவர் 20,000 பைட் நீளத்திற்குப் பொதுவான இணைப்பு கேட்கிறார். கோப்பின் நீளத்தை மட்டும் கூட்டவில்லை. 251ஆவது மாணவி வந்து சேர்கிறாள். என்ன நடக்கும்?

4,096 பைட் பக்கமுள்ள பொறியில் 5,000 பைட்டுக்கு இரண்டு பக்கங்கள், அதாவது 8,192 பைட் வேண்டும். கோப்பு முடிந்தபின் இரண்டாம் பக்கத்தில் 3,192 பைட் மீதம். அந்த மீதியில் சுழியங்கள் நிரப்பப்பட்டிருக்கும். 251ஆவது மாணவியின் மதிப்பெண்ணை அங்கே எழுதலாம், தடை இல்லை. ஆனால் அது கோப்பில் ஏறாது. இவ்வாறு 409ஆவது மாணவி வரை 159 பேருடைய மதிப்பெண்கள் ஓசையின்றித் தொலையும். 410ஆவது மாணவிக்கு எழுதும்போது 8,192 என்னும் எல்லை தாண்டப்படுகிறது. அங்கே கோப்பின் பக்கம் இல்லாமையால் சிக்பஸ் என்னும் எச்சரிக்கைக் குறியை அனுப்பி, கெர்னல் நிரலை நிறுத்திவிடும். அப்போதாவது தவறு வெளிப்படும்.

இதே நிரலை 16,384 பைட் பக்கமுள்ள பொறிக்குக் கொண்டு செல்வோம். கோப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். மீதம் 11,384 பைட். 569 மாணவியரின் மதிப்பெண்கள் எந்த எச்சரிக்கையும் இன்றித் தொலையலாம்! ஒரே நிரல், ஒரே கட்டளை. ஒரு வீட்டில் விரைவில் இடறுகிறது, மற்றொரு வீட்டில் நெடுந்தூரம் நடந்த பின்னரே இடறுகிறது. வழி யாது? முதலில் கோப்பின் நீளத்தைக் கூட்டுக, பின்னர் எழுதுக. பக்க அளவு 4,096 என்று மனப்பாடமாக எழுதாமல், பொறியிடமே கேட்டு அறிக. கோப்பின் எந்த இடத்திலிருந்து இணைப்பு வேண்டும் என்று சொல்லும் எண்ணும் அந்தப் பக்க அளவின் மடங்காக இருத்தல் வேண்டும். 4,096 என்னும் தொடக்க இடம் ஒரு பொறியில் செல்லும். 16,384 பைட் பக்கமுள்ள பொறியில் செல்லாது.

வெற்றுப் பக்கம்

எல்லா இணைப்புக்கும் கோப்பு வேண்டும் என்பதில்லை. எழுதிப் பார்க்கப் புதுச் சிலேட்டு கேட்பதுபோல், சுழியங்கள் நிரம்பிய வெற்று நினைவகத்தையும் எம்மேப் வழியாகக் கேட்கலாம். லினக்ஸில் இதற்கு மேப் அனானிமஸ் என்று பெயர், பி.எஸ்.டி. கிளையினர் மேப் அனான் என்று சுருக்கமாக அழைத்தனர். இச்சொல் இல்லாத பழைய முறைமைகளில், சுழியங்களை மட்டுமே தரும் ஒரு தனிக் கோப்பைத் திறந்து, அதனை இணைத்துக்கொள்வது வழக்கம். எல்லாரும் பல ஆண்டுகளாகக் கையாண்டு வந்தும், இச்சொல் ஒப்பந்தத்தில் ஏறியது 2024ஆம் ஆண்டுப் பாசிக்ஸ் பதிப்பில்தான். வழக்கம் முந்தியது, சட்டம் பிந்தியது.

பெயர் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் எண் வேறு. மேப் ஷேர்டு 1, மேப் பிரைவேட் 2, மேப் ஃபிக்ஸ்டு 16 என்பவை லினக்ஸிலும் பி.எஸ்.டி. கிளையிலும் ஒன்றே. ஆனால் மேப் அனானிமஸ் என்பதன் எண் இன்டெல் வகை லினக்ஸில் 32, ஃப்ரீ பி.எஸ்.டி., மேக் ஓ.எஸ். ஆகியவற்றில் 4,096. ஆகவே நிரலில் எண்ணை எழுதாமல் பெயரையே எழுதுதல் நன்று. மேலும், கோப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் 1 என்று எழுதவேண்டும். லினக்ஸ் இதனைப் பொருட்படுத்துவதில்லை, ஃப்ரீ பி.எஸ்.டி. கண்டிப்பாக எதிர்பார்க்கும். கண்டிப்பான வீட்டிற்கு ஏற்ப நடந்துகொண்டால் இரு வீட்டிலும் நல்ல பெயரே கிடைக்கும்.

இந்த இடம்தான் வேண்டும்

எம்மேப் கட்டளைக்கு நாம் தரும் முகவரி பொதுவாக ஒரு வேண்டுகோள் மட்டுமே. அந்த இடம் காலியாக இல்லாவிடில் கெர்னல் வேறிடம் தரும். 'இந்த இடம்தான் வேண்டும், வேறு ஆகாது' என்று பிடிவாதம் செய்வதற்கான சொல்தான் மேப் ஃபிக்ஸ்டு. இதன் ஆபத்தைப் பலரும் உணர்வதில்லை. அந்த இடத்தில் முன்பே வேறோர் இணைப்பு இருந்தால், அதனை அகற்றிவிட்டுப் புதியதை அங்கே வைத்துவிடும். பேருந்தில் ஒருவர் அமர்ந்திருக்கும் இருக்கையைக் கேட்டதும், அவரை ஓசையின்றி இறக்கிவிட்டு நம்மை அமர்த்துவதற்கு ஒப்பானது இது. இறக்கப்பட்டது நம் நிரலின் இன்னொரு பகுதியாகவே இருக்கலாம்.

இக்குறையை ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தனர். 2018இல் வந்த லினக்ஸ் 4.17 பதிப்பில் மேப் ஃபிக்ஸ்டு நோ ரிப்ளேஸ் என்னும் சொல் சேர்ந்தது. இடம் காலியாக இருந்தால் கொடு, இன்றேல் மறுத்துவிடு என்பது அதன் பொருள். ஃப்ரீ பி.எஸ்.டி.யில் மேப் ஃபிக்ஸ்டோடு மேப் எக்ஸ்கிளூசிவ் என்பதன் சுருக்கமான மேப் எக்ஸெல் என்னும் சொல்லைச் சேர்த்தால் இதே பயன் கிட்டும்.

எழுதுபவர் வேறு, இயக்குபவர் வேறு

வினாத்தாள் தயாரிப்பவரே அத்தேர்வை எழுதலாமா? கூடாது என்பது நமக்குத் தெரியும். நினைவகத்திலும் இத்தகைய நியாயம் உண்டு. ஒரே பக்கத்தில் எழுதவும் இயக்கவும் அனுமதி இருந்தால், தீயோர் தம் கட்டளைகளை அங்கே எழுதி அவற்றை இயக்கியும் விடுவர். ஆதலால் ஒரு பக்கம் எழுதத்தக்கதாக இருக்கலாம், அல்லது இயக்கத்தக்கதாக இருக்கலாம், இரண்டுமாக இருத்தல் கூடாது என்னும் நெறியை ஓப்பன் பி.எஸ்.டி. 2003இல் வெளிவந்த 3.3 பதிப்பில் கொண்டுவந்தது. 2018இல் வந்த 6.4 பதிப்பில் மேப் ஸ்டாக் என்னும் சொல்லுக்கும் அங்கே உயிர் வந்தது. நிரலின் அடுக்கு நினைவகம் அச்சொல்லோடு பெறப்பட்ட இடத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் நிரல் நிறுத்தப்படும். இதே சொல் லினக்ஸிலும் உண்டு. ஆனால் அங்கே அது பல ஆண்டுகளாக எதனையும் செய்யாமலே இருந்தது. ஓடும்போதே புதிய கட்டளைகளை ஆக்கிக்கொள்ளும் நிரல்களுக்காக மேக் ஓ.எஸ். மேப் ஜிட் என்னும் தனிச் சொல்லை வைத்துள்ளது. மற்ற வீடுகளில் இச்சொல்லைக் கூறிப் பயனில்லை.

மௌனம் சம்மதமா?

நிறைவாக ஒரு கேள்வி. ஒரு வீட்டிற்குத் தெரியாத விருப்பச் சொல்லைச் சொன்னால் அவ்வீடு என்ன செய்யும்? 'எனக்குத் தெரியாது' என்று மறுத்துவிட்டால் நமக்கு நலம். ஆனால் லினக்ஸ் கெர்னல், தான் அறியாத சொற்களைப் பல ஆண்டுகளாகக் கண்டுகொள்ளாமலே விட்டுவந்தது. கேட்டவர் கிடைத்துவிட்டது என்று எண்ணியிருப்பார், கிடைத்திராது. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பார்கள். இங்கே மௌனம் அறியாமைக்கு அறிகுறி. லினக்ஸ் 4.15 பதிப்பில் மேப் ஷேர்டு வேலிடேட் என்னும் சொல் சேர்க்கப்பட்டது. இதனோடு கேட்கும் போது தெரியாத சொல் இருந்தால் கெர்னல் வெளிப்படையாக மறுத்துவிடும். முன்பு கண்ட மேப் ஃபிக்ஸ்டு நோ ரிப்ளேஸ் என்பதைப் பழைய லினக்ஸ் அறியாது. இடம் காலியாக இல்லாவிடில் மறுக்காமல், வேறோர் இடத்தைத் தந்துவிடும். ஆகவே கேட்ட முகவரியும் கிடைத்த முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நிரல் எழுதுபவரின் கடமை.

மாணவியர் மனத்தில் கொள்ள வேண்டியவை

1. எழுதியது கோப்பில் தங்க வேண்டுமானால் பொதுவான இணைப்பையே கேட்க வேண்டும். முக்கிய விவரமாயின் எம்சிங்க் கட்டளையும் வேண்டும்.

2. கோப்பின் நீளத்தைக் கூட்டிய பின்னரே அதன் எல்லைக்கு அப்பால் எழுத வேண்டும்.

3. பக்க அளவைப் பொறியிடம் கேட்டு அறிதல் வேண்டும். விருப்பச் சொல்லின் எண்ணை எழுதாமல் பெயரை எழுதுதல் வேண்டும்.

4. மேப் ஃபிக்ஸ்டு என்னும் சொல்லை, அவ்விடம் நம்முடையதே என்று உறுதியாகத் தெரிந்தால் அன்றிப் பயன்படுத்தலாகாது.

5. எம்மேப் தோற்றால் சுழியத்தைத் தராது. மேப் ஃபெயில்டு என்னும் தனி மதிப்பைத் தரும். ஒவ்வொரு முறையும் அதனைச் சோதித்தல் வேண்டும்.

6. பாசிக்ஸில் உள்ளது ஒப்பந்தம். மற்றவை வீட்டு வழக்கம். வழக்கத்தை நம்புமுன் அவ்வீட்டுக் கையேட்டைப் படித்தல் வேண்டும்.

அன்புத் தோழியரே! வங்கிக் கணக்கும், மருத்துவமனைக் குறிப்பும், தேர்வு முடிவும் இன்று கணிப்பொறியின் நினைவகத்தின் வழியே செல்கின்றன. நாளை உங்களுள் சிலர் அத்தகைய நிரல்களை எழுதக்கூடும். நீங்கள் எழுதும் ஒரே ஒரு விருப்பச் சொல், முகம் அறியாத 251ஆவது மாணவியின் மதிப்பெண் நிலைப்பதா தொலைவதா என்பதைத் தீர்மானிக்கும். நம் வீட்டில் சரியாக ஓடியது என்பது போதிய சான்றாகாது. அயல் வீட்டு வாசலில் கால் வைக்குமுன் படியின் உயரத்தைப் பார்த்து வைப்பதே அறிவுடைமை ஆகும்.

பயிற்சி வினா: கோப்பின் அளவு 9,000 பைட். ஒரு மாணவிக்கு 20 பைட். 4,096 பைட் பக்கமுள்ள பொறியிலும், 16,384 பைட் பக்கமுள்ள பொறியிலும், கோப்பின் நீளத்தைக் கூட்டாமல் எழுதினால் எச்சரிக்கையின்றித் தொலையக்கூடிய மதிப்பெண்கள் எத்தனை பேருடையவை? (விடை: முதற்பொறியில் 164 பேர், இரண்டாம் பொறியில் 369 பேர்.)